செத்தவர் விழுங்கிய மாத்திரை

அத்தியாயம் ஐந்து

தச்சர் செத்துப்போன பிறகும் அவர் பெயரில் மாதம் தவறாமல் மார்ஃபின் மாத்திரை வாங்கப்பட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், ஊரார் 'வலி டாக்டர்' என்று கூப்பிடும் பெண் மருத்துவர். கையெழுத்து அவருடையதுதான், அதை அவரே மறுக்கவில்லை. நாளை விசாரணை. அந்த மாத்திரைகள் யார் வாய்க்குப் போயின என்று அதற்குள் சொல்ல முடியாவிட்டால் டாக்டரின் அங்கீகாரம் போகும். ஊரில் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதுகிற பேனா அது ஒன்றுதான்.

வழக்கைக் கையில் எடுத்திருந்த வக்கீலம்மா பேருக்குத்தான் வக்கீல். வாதாடுவதை எப்போதோ விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். "பொய் சொல்றவங்களுக்காகப் பேசறதைவிடப் பொய்யைத் தேடிப் போறது கொஞ்சம் சுத்தமான வேலை" என்பார். உதவியாளன் பெயர் சில்லறை. எந்தப் பெரிய விஷயத்தையும் சில்லறையாக மாற்றிப் பேசிவிடுகிறவன் என்று வக்கீலம்மா வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

விடுமுறை நாள். வைத்தியசாலை மூடியிருந்தது. ஆனாலும் வெளி பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த சில்லறையைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்தே விட்டாள்.

"அலமாரியைத் திறக்க வந்த ஆபீசருங்களா நீங்க?"

"இல்லம்மா. நாங்க சும்மா... விசாரிக்க வந்தவங்க."

"அந்த மருந்து இன்ஸ்பெக்டர் வந்து சீல் வெச்சிட்டுப் போனதுலேர்ந்து இவரு தூங்கல. நான் அவர் கால்ல விழுந்து கேட்டேன். 'எங்கம்மாவுக்கே எலும்புல கேன்சர், ஒரு மாத்திரை இல்லாம நாட்டு மருந்துலயே தாங்குறாங்க, உன் வீட்டுக்காரருக்குத் தைரியம் பத்தல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இவரு மலைப்பாதையில லாரி ஓட்டுனவருங்க. இவருக்கா தைரியம் பத்தல?"

சில்லறை தலையை மட்டும் ஆட்டிவிட்டு வக்கீலம்மாவுக்குப் பின்னால் உள்ளே போனான். பின்னாலிருந்து வந்த முனகல் கதவைச் சாத்திய பிறகும் கேட்டது.

உள்ளே வலி டாக்டர் மேசைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. தலைமுடியைச் சீவி இரண்டு நாளாகியிருக்கும். விசாரணை முடியும்வரை எழுதக் கூடாதென்று நிறுத்திவைத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல மடியில் வைத்திருந்தார். அவருக்கு எதிரே இரும்பு அலமாரி. அதன் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து வெள்ளை நூல் கட்டி, அரக்கு ஊற்றி முத்திரை வைத்திருந்தார்கள்.

"தச்சர் செத்தது உங்களுக்கு எப்பத் தெரியும் டாக்டர்?" என்றார் வக்கீலம்மா.

"இன்ஸ்பெக்டர் வந்து சொன்னப்பதான். அவரோட மருமகதான் எப்பவும் வந்து வாங்கிட்டுப் போவா. இங்க ஒரு வழக்கம் இருக்கு. காலி அட்டையைத் திருப்பிக் குடுத்தாதான் புது அட்டை. அவ ஒரு அட்டைகூடக் குறையாம கொண்டுவந்தா. நானும் குடுத்தேன்."

"வீட்டுக்குப் போய் நோயாளியைப் பாக்கறது இல்லையா?"

"பாக்கணும். ரூல் அப்படித்தான். இருக்கறது ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். ரொம்ப மோசமா இருக்கறவங்களை முதல்ல பாப்போம். இவர் நல்லாத் தூங்கறார், நல்லாச் சாப்பிடறார்னு மருமக சொன்னா. செத்தவரைவிட நல்லாத் தூங்கறவர் யாரு? தப்பு என்னுதுதான். அதை எங்க வேணாலும் சொல்றேன். ஆனா நான் வித்தேன்னு சொல்றாங்க பாருங்க, அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்."

சில்லறை மூலையில் கிடந்த சாக்கை எட்டிப் பார்த்தான். உள்ளே மருந்து தீர்ந்த காலி அட்டைகள். நோயாளி வாரியாகப் பைகளில் போட்டு, ஒவ்வொரு பை மேலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அதிகாரி முன்னிலையில் எரிக்க வேண்டும் என்பதால் சேர்த்து வைப்பார்களாம்.

"அலமாரிக்கு சீல் வெச்சார். ரிஜிஸ்டரை அள்ளிட்டுப் போனார். குப்பையை மட்டும் நமக்கு விட்டு வெச்சிருக்கார். நல்ல மனுஷன் மேடம்" என்றான்.

"குப்பையைக் கொட்டு."

தச்சரின் பையை மேசையில் கவிழ்த்தான். வக்கீலம்மா அட்டைகளைச் சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல இரண்டு வரிசையாகப் பிரித்தார். ஒரு வரிசையில் பிளாஸ்டிக் குமிழ்கள் முழுசாக இருந்தன. பின்பக்கத் தகடு மட்டும் மாத்திரை வெளியே வந்த இடத்தில் பொத்துப்போயிருந்தது. எல்லாரும் எடுக்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தி எடுத்தவை, தச்சர் உயிரோடு இருந்தபோது வந்தவையாக இருக்கும். இன்னொரு வரிசையில் குமிழ்களே சப்பையாகிக் கிடந்தன.

"இதெல்லாம் மாடு மிதிச்ச மாதிரி இருக்கே" என்றான் சில்லறை.

"மாடு இல்ல, கரண்டி. மாத்திரையை வெளிய எடுக்காம அட்டைக்குள்ளயே வெச்சு நசுக்கியிருக்காங்க. அப்புறம் தகட்டுல சின்னதாக் கிழிச்சுப் பொடியைத் தட்டியிருக்காங்க. ஒரு துகள் வீணாகக் கூடாதுங்கற கை."

"போதைக்காரன்கூட நசுக்குவான் மேடம்."

"நசுக்குவான். உக்காந்த இடத்துல ஒரு அட்டையை முடிப்பான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இதைப் பாரு. ஒரு குமிழ் நிதானமா நசுங்கியிருக்கு. பக்கத்துல இருக்கறது அவசரத்துல கோணலா. இன்னொண்ணு ரெண்டு மூணு தரம் குத்துப்பட்டிருக்கு. கைகூட நடுங்கியிருக்கும்போல. அட்டை மூலையெல்லாம் மடங்கி அழுக்கேறியிருக்கு. பல நாள் ஒளிச்சு வெச்சு, எடுத்து, மறுபடி ஒளிச்சு வெச்ச அட்டை இது."

"அப்ப விக்கிறவன் வேலை இல்ல."

"விக்கிறவன் எதுக்கு நசுக்கறான்? முழுசா இருந்தாத்தானே வெலை. இது யாரோ வலியில கெடக்கறவங்களுக்குப் போயிருக்கு. ஒண்ணு, அவங்களால முழுங்க முடியாது. இல்லேன்னா தான் முழுங்கறது மாத்திரைன்னு அவங்களுக்கோ அந்த வீட்டுல வேற யாருக்கோ தெரியக் கூடாது."

வலி டாக்டர் முதல் தடவையாகக் கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கடைசியாக் குடுத்த அட்டைங்க இதுல இல்லையே?" என்றார் வக்கீலம்மா.

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "அன்னைக்கு மருமக இதைக் குடுத்துட்டு நிக்கறா, இன்ஸ்பெக்டர் உள்ள வர்றார். பிரிக்கவே நேரமில்ல. அவளும் வெறுங்கையோட போனா."

காலி அட்டைகளை அடுக்கி வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. வக்கீலம்மா முடிச்சை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். நூலின் இரண்டு நுனிகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. திரும்ப உள்ளே மடித்து, முடிச்சுக்கு மேலே ஒரு சின்ன வளையம் விட்டு இறுக்கியிருந்தது. அவர் எழுந்து அலமாரியிடம் போனார். முத்திரையை மோந்து பார்க்கிறவர்போல மூக்கை ஒட்டி நின்றார்.

"இந்தக் கட்டு யார் போட்டது?"

"இன்ஸ்பெக்டரே. ஆபீஸ் ஆளுங்களை அவர் நம்ப மாட்டார்."

"நன்றி டாக்டர். சில்லறை, வண்டியை எடு."

தெருவுக்கு வந்ததும் அவனால் பொறுக்க முடியவில்லை. "சொல்லிட்டு ஏறுங்க மேடம். இல்லேன்னா வழியெல்லாம் கேட்டுட்டேதான் வருவேன்."

"கோர்ட்டுல எத்தனை மருந்து சாம்பிள் பொட்டலத்தை அறுத்திருப்பேன்! அலமாரியில இருக்கற அந்த ஆபீஸ் கட்டு எனக்குத் தெரியும். நுனியை உள்ள மடிச்சு மேல வளையம் விடறது எதுக்குன்னா, அதுல அரக்கு ஊத்தினா நூல் நழுவாது. காலி அட்டையைக் கட்டினவங்களும் அதே வளையத்தை விட்டிருக்காங்க. அரக்கு ஊத்த இடம் விட்டுக் கட்டியிருக்கு. அரக்கு மட்டும்தான் இல்ல."

சில்லறையின் முகம் விடிந்தது. "அடப்பாவி! வேலியே பயிரை மேயுதா? மாத்திரையைத் தின்னதும் இன்ஸ்பெக்டர், கேஸ் போட்டதும் இன்ஸ்பெக்டர். நாளைக்கு விசாரணையில அந்தாள் மூஞ்சியைப் பாக்கணும் மேடம். நான் முன் வரிசையில உக்காருவேன்."

"முதல்ல மருமகளைப் பாப்போம்" என்றார் வக்கீலம்மா. அவர் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை.

தச்சரின் பட்டறையும் வீடும் ஒன்றுதான். மரத்தூள் வாசனைக்கு நடுவே மருமகள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். இவர்களைப் பார்த்ததுமே, "மாமா ஊருக்குப் போயிருக்காரு" என்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில்லறை சுவரோரக் கட்டிலைக் காட்டினான். அதன்மேல் இடுப்புயரத்துக்குப் பலகை அடுக்கியிருந்தது. "திரும்பி வந்தா எங்க படுப்பாரு? மேல ஏறிக்குவாரா?"

துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா செத்த மறு வாரம், மிச்சம் இருந்த அட்டையைத் திருப்பிக் குடுக்கத்தான் போனேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன். கேட்டுக்கு வெளிய ஒரு அம்மா நின்னு அழுதுட்டிருந்தாங்க. உள்ளயும் போகல, திரும்பியும் போகல. என்னன்னு கேட்டேன். மாமியாருக்கு இடுப்பெலும்புல கேன்சராம். எந்த டாக்டரும் எழுத மாட்டேங்கறாங்களாம். கையில இருந்ததை அப்படியே குடுத்துட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எப்படிங்க நிறுத்தறது? காலி அட்டையை அவங்க கட்டிக் கொண்டாந்து குடுப்பாங்க. நான் அதை டாக்டரம்மாகிட்ட குடுத்துப் புதுசு வாங்கிட்டு வந்து அவங்ககிட்ட தருவேன். பேரைக் கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஒரு தடவை வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. நான் தொடல." அவள் நிமிர்ந்து வக்கீலம்மாவைப் பார்த்தாள். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்வாங்க. மாமா மாத்திரை கிடைக்கறதுக்கு முன்னாடி கத்தின கத்து இந்தச் செவுத்துலயே இருக்குங்க. இன்னொரு வீட்டுல அதைக் கேக்க விட எனக்கு மனசு வரல. டாக்டரம்மாவுக்கு இப்படி வினையா முடியும்னு நெனைக்கல. நான் வந்து சொல்றேன். என்னை ஜெயில்ல போட்டாலும் சொல்றேன்."

வெளியே வந்ததும் சில்லறை, "கூட்டாளி ஒரு பொம்பளை. சரியான ஏற்பாடு" என்றான். ஆனால் குரலில் பழைய துள்ளல் இல்லை. அவன் கணக்கில் ஏதோ ஒன்று இடித்தது. மாத்திரை தின்கிற இன்ஸ்பெக்டருக்கு மாமியார் எதற்கு?

இன்ஸ்பெக்டரின் வீடு அடக்கமான மாடி வீடு. மணியை அடித்ததும் கதவைத் திறந்தது அவர் மனைவி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அவர் வெளிய போயிருக்கார். இப்ப வந்துடுவார்" என்றார். உள் அறையிலிருந்து சீராக ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. ஒரு தரம் அது உயர்ந்து, உடைந்து, மறுபடி தாழ்ந்தது. அந்த அம்மாளின் தலை தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பியது.

வக்கீலம்மா அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகளில் பட்டாணி அளவில் சூடுபட்ட பழைய தழும்புகள்.

"அரக்கு ரொம்பச் சுடுமே" என்றார் மெதுவாக. "வீட்டுலதான் கட்டுவீங்களா?"

"அவர் சாம்பிள் பாக்கெட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துடுவார். ஆபீஸ்ல கட்டறது சரியில்லன்னு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வக்கீலம்மா பையிலிருந்து எடுத்து நீட்டிய பொட்டலத்தைப் பார்த்தார். பேச்சு நின்றது. "எதைக் கட்டினாலும் கை அப்படியேதான் போகுது" என்றார் கடைசியில். கதவைப் பிடித்துக்கொண்டார்.

சில்லறை முன் வரிசையில் உட்காரும் ஆசையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டான்.

அவர்களை உட்காரவைத்துவிட்டு அந்த அம்மாள் நின்றபடியே சொன்னார். "போகாத டாக்டர் இல்ல. எல்லாரும் உக்கார வெச்சு நல்லாத்தான் பேசினாங்க. எழுதப் பேனாவை எடுக்கறப்பதான், 'நீங்க இன்ஸ்பெக்டர் வீடுதானே'ம்பாங்க. மூடியைப் போட்டுடுவாங்க. இன்னைக்கு நான் எழுதினா நாளைக்கு அவரே வந்து ஏன் எழுதினேன்னு கேப்பார்னு சொன்னாங்க."

"சட்டத்துல டாக்டர் எழுதறதுக்குத் தடை இல்லையே?" என்றான் சில்லறை.

"சட்டம் கதவைத் திறந்துதான் வெச்சிருக்கு" என்றார் வக்கீலம்மா. "இவங்க வீட்டுக்காரர் அந்த வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டார். மார்ஃபின் எழுதற ஒவ்வொரு டாக்டரும் ஆபீசுக்கு நேர்ல வந்து காரணம் சொல்லணும்னு ஒரு சர்க்குலர். நாள் பூரா உக்கார வெச்சு விசாரிப்பாங்க. யாருக்கு வேணும் அந்த வம்பு? ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. நிறுத்தாதவர் வலி டாக்டர் ஒருத்தர்தான்."

"அவங்ககிட்டயாவது போயிருக்கலாமேம்மா?"

"போனேன். கேட் வரைக்கும். உள்ள போனா பேர் குடுக்கணும். அது ரிஜிஸ்டர்ல ஏறும். அந்த ரிஜிஸ்டரைப் பாக்கறது இவர்." அவர் மூக்கை உறிஞ்சினார். "இவர்கிட்ட கேக்காம இருப்பேனா? என் வீட்டுக்குள்ளயே போதை மருந்தான்னு குதிச்சார். அப்புறம் தேன்ல குழைச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். நாட்டு மருந்துன்னு சொன்னேன். அத்தை அன்னைக்கு ராத்திரிதான் எத்தனையோ நாளைக்கப்புறம் தூங்கினாங்க. இவருக்கு ஒரே பெருமை. எங்கம்மாவைப் பாருன்னு ஊரெல்லாம் சொன்னார். நானும் சிரிச்சுக்கிட்டேன். வலி டாக்டர் மேலயே கேஸ் வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? மிச்சம் பிடிச்சு வெச்சிருந்த கடைசிப் பொடியை இன்னைக்குக் காலையில குடுத்தேன்."

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஒல்லியான, விறைப்பான மனிதர். விடுமுறை நாளிலும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். வக்கீலம்மாவை அடையாளம் தெரிந்துகொண்டு முகத்தைக் கடுமையாக்கினார்.

"டாக்டருக்காக வந்தீங்களா? வீட்டுக்கு வந்து பேசற பழக்கம் எனக்குக் கிடையாது. எதுவா இருந்தாலும் நாளைக்கு விசாரணையில சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்லத்தான் போறேன் சார். அதை முதல்ல உங்க காதுல போடறது மரியாதைன்னு வந்தேன்" என்று வக்கீலம்மா பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "இதைக் கட்டினது யாருன்னு பாருங்க."

அவர் பார்த்தார். எத்தனையோ வருஷமாகத் தினமும் பார்த்த முடிச்சு அது. பார்க்கப் பார்க்க முகத்தில் ரத்தம் வற்றியது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"செத்தவர் பேர்ல வாங்கினது அத்தைக்குத்தான்" என்றார் மனைவி. "டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தத் தச்சர் மருமகளும் ஒரு காசு வாங்கல. எல்லாம் நான்தான்."

"உன்னை நான் என்ன பண்ணணும்னு தெரியுமா? எந்தச் சட்டத்துல..." என்று குரலை உயர்த்தினார் இன்ஸ்பெக்டர்.

அவர் முடிக்கவில்லை. உள் அறையிலிருந்து ஓர் அலறல் வந்தது. சில்லறை வாழ்நாளில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறான். ஒரு வயதான உடம்புக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. இன்ஸ்பெக்டர் உள்ளே ஓடினார். "அம்மா, என்னம்மா, என்னம்மா?" என்ற குரல் கேட்டது. பிறகு கிழவியின் குரல், மூச்சுக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

"டேய்... அந்தத் தேன் மருந்தைக் குடுக்கச் சொல்லுடா... உன் பொண்டாட்டி மறுபடி குடுக்க மாட்டேங்கறாடா..."

வெளியே வந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். போனை எடுத்தார். தெரிந்த ஒரு டாக்டரைக் கூப்பிட்டு, மார்ஃபின் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். மறுமுனையில் சிரித்தார்கள்.

"என்ன சார், என்னை டெஸ்ட் பண்றீங்களா? உங்க சர்க்குலர் வந்த அன்னைக்கே நான் அந்த வேலையை விட்டுட்டேன். நீங்க தாராளமா வந்து செக் பண்ணலாம்."

"டெஸ்ட் இல்ல. எங்கம்மாவுக்கு."

"அம்மா நாட்டு மருந்துல நல்லா இருக்கறதா நீங்களே மீட்டிங்கில சொன்னீங்களே சார்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அடுத்தவருக்கு ஜுரமாம். இன்னொருவர் எடுக்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டர் மட்டும் நேராகப் பேசினார். "கூட்டிட்டு வாங்க சார், படுக்கை தரோம். மார்ஃபின் எங்ககிட்ட இல்ல. கணக்குக் காட்டி மாளலன்னு வாங்கறதையே நிறுத்திட்டோம். மருந்துக் கடையிலயும் கிடைக்காது. ஊர்லயே அந்த வலி டாக்டர் அலமாரியிலதான் இருக்கும்."

உள்ளே அலறல் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டரின் மனைவி போய் அத்தையின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். சில்லறைக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. வக்கீலம்மா தன் போனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "வலி டாக்டர் வருவாங்க. கேளுங்க."

அவர் கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

வலி டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பைத் தொடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்தார். தன்னிடம் இருந்த சாதாரண வலி மாத்திரையைக் கரைத்து ஊட்டினார். அலறல் கொஞ்சம் இறங்கி அழுகையானது. அதற்குமேல் இறங்கவில்லை.

"வேற எதுவும் இல்லையா டாக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கு. உங்க சீலுக்கு உள்ள."

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தார். "நான் வெச்ச சீல்தானே? நானே உடைக்கறேன். என் வேலை போகட்டும்."

டாக்டர் எழுந்து வந்து வாசலை மறித்து நின்றார். சில்லறைக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த நிமிஷத்துக்காகத்தானே காலையிலிருந்து அலைந்தார்கள்?

"உங்க வேலை மட்டும் போனா நான் தடுக்க மாட்டேன் சார். விசாரணைக்கு முன்னாடி சீல் உடைஞ்சா, உள்ள இருக்கற மருந்து மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். விசாரணைக் கமிட்டி அதை அள்ளிட்டுப் போகும். மறுபடி ஸ்டாக் வாங்க எத்தனை மாசம் ஆகும்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த அலமாரியை நம்பி உங்கம்மா மட்டும் இல்ல. வைத்தியசாலை வெளி பெஞ்சுல ஒரு டிரைவர் உக்காந்திருக்கார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். போக மாட்டேங்கறார்."

"அதுவரைக்கும் அம்மா என்ன பண்ணுவாங்க?"

"மத்த வீடுகள்ல என்ன பண்றாங்களோ அதைத்தான். நான் இங்கயே உக்காந்திருக்கேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்து சாவி நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நாளைக்கு நானே சொல்லிடறேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "டாக்டர் விக்கல. மாத்திரை போனது என் வீட்டுக்கு. இவளையும் அந்தத் தச்சர் மருமகளையும் விசாரிக்கறதுக்கு முன்னாடி என்னை விசாரிக்கட்டும். அந்த சர்க்குலரை எழுதினது நான்தான்."

வக்கீலம்மா தலையாட்டினார். வழக்கு முடிந்துவிட்டது. டாக்டரின் பேனா பிழைத்துவிடும். ஜெயித்த வழக்குகளில் சில்லறை வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவான். இன்று வண்டிச் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே கிழவி பல்லைக் கடிக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது.

"விசாரணை காலையிலதானே சார்?" என்றான், ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று. "ராத்திரியை எப்படியாவது தள்ளிட்டா போதும். விடிஞ்சதும் திறந்துடலாம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து சாவியை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"காலையிலதான் வெச்சிருந்தாங்க" என்றார். "சாயங்காலத்துக்குத் தள்ளி வெக்கச் சொன்னது நான். அப்படி ஒண்ணும் அவசரம் இல்லன்னு எழுதிக் குடுத்தேன்."